கோட்டிங் லைன் கேமரா நல்ல ரோலையும் தள்ளுகிறது: மெஷின் லேர்னிங் மாடல் போட்டால் தீருமா?

#1 ஸ்லாட்டை_650

வணக்கம். லித்தியம் அயன் பேட்டரிக்கான என்எம்சி (நிக்கல்-மாங்கனீஸ்-கோபால்ட்) கேத்தோடு, 15 மைக்ரான் அலுமினிய ஃபாயில், அகலம் 650 மி.மீ., ஸ்லாட் டை (குறுகிய பிளவு வழியாகக் கலவையைப் பூசும் தலை) கோட்டிங், வேகம் நிமிடத்துக்கு 40 மீட்டர், ரோல் 4,000 மீட்டர். டிரையரை விட்டு ஃபாயில் வெளியேறும் வாசலில் லைன் ஸ்கேன் கேமரா (ஒவ்வொரு கோடாகப் படம் எடுப்பது) இருக்கிறது. மென்பொருள் பழைய முறை: சாம்பல் அளவு ஒரு எல்லையைத் தாண்டினால் குறை, அவ்வளவுதான். பின்ஹோல் (கோட்டிங்கில் ஊசித்துளை) பிடிபடுகிறது. ஆனால் கோட்டிங்கின் சாயல் லேசாக மாறினாலே ரோல் முழுக்கச் சிவப்புப் புள்ளிகள். இப்படியே போனால் ஆபரேட்டர்கள் அலாரத்தைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

இதன் மேல் ஒரு மாடல் போட வேண்டும். யோலோவா (குறையைச் சுற்றிப் பெட்டி போடுவது), யூநெட்டா (பிக்சல் பிக்சலாகக் குறையின் எல்லை வரைவது)? எத்தனை படம் தேவை? கேமராவைக் காலெண்டருக்கு (கோட்டிங்கை அழுத்தும் உருளைகள்) பிறகு நகர்த்துவது நல்லதா?

#2 ஒளிக்கோணம்

மாடல் பெயரை ஓரமா வைங்க. முதல்ல லைட் எந்தக் கோணத்துல விழுதுன்னு சொல்லுங்க.

கேத்தோடு மேற்பரப்பு மங்கலான கறுப்பு. ஃபாயில் கண்ணாடி மாதிரி பளபளப்பு. அதனால நேரா எதிரொளிக்கிற வெளிச்சத்துல பின்ஹோலும் ஃபாயில் தெரியிற இடமும் வெள்ளையா வந்துடும். கட்டியும் கீறலும் அதுல வராது. அதுக்குச் சாய்வா, மேற்பரப்பை உரசிப் போற மாதிரி இன்னொரு லைட் வேணும். கட்டியோட ஒரு பக்கம் வெளிச்சம், மறுபக்கம் நிழல்னு விழுந்தாத்தான் எந்த மாடலும் பார்க்கும். படத்துலயே இல்லாத குறையை ரெண்டு கோடி பாராமீட்டர் போட்டாலும் கண்டுபிடிக்க முடியாது.

ரெண்டு லைட்டையும் மாறி மாறிச் சிமிட்ட வைங்க, ஒரு கேமராவே போதும். கணக்கு: 40 மீ/நிமிடம் = விநாடிக்கு 667 மி.மீ. ஒரு பிக்சல் 50 மைக்ரான்னா விநாடிக்கு 13,333 கோடு. ரெண்டு லைட்டுக்கு 26,667 கோடு, அதாவது 27 கிலோஹெர்ட்ஸ் தாங்குற கேமரா. அகலத்துக்கு 13,000 பிக்சல், அதனால 16கே ஒண்ணு, இல்லேன்னா ஓரம் மேலேறுற மாதிரி 8கே ரெண்டு. விநாடிக்கு கிட்டத்தட்ட 347 மெகாபைட். உங்க ரோல் 100 நிமிஷம் ஓடும், ஒரு முகத்துக்கு மட்டும் 2 டெராபைட் வரும். எல்லாத்தையும் சேமிக்கிற எண்ணம் இருந்தா இப்பவே விட்டுடுங்க.

ஃபாயில் நகர்ந்த தூரத்தை எண்ணுற என்கோடர்தான் கேமராவை டிரிகர் பண்ணணும், கடிகாரம் இல்ல. லைன் வேகம் குறையும்போது வட்டமான பின்ஹோல் நீள்வட்டமா வந்தா மாடல் அதைப் புதுக் குறைன்னு நினைச்சுக்கும். இன்னொண்ணு, ரோலர் மேல படிஞ்சிருக்கிற இடத்துல படம் எடுங்க. ரெண்டு ரோலருக்கு நடுவுல ஃபாயில் படபடக்கும், ஃபோகஸ் நிக்காது.

#3 புள்ளியியல்_பித்தன்

மேலே சொன்ன 50 மைக்ரானை வைத்து இன்னொரு கணக்குப் போடுகிறேன். மாடலின் துல்லியம் பற்றிப் பேசும் எவரும் இதை முதலில் பார்க்க வேண்டும்.

128 × 128 பிக்சல் துண்டு என்றால் 6.4 மி.மீ. சதுரம். 650 மி.மீ. அகலத்துக்கு ஏறக்குறைய 101 துண்டு, 4,000 மீட்டருக்கு 6,25,000 வரிசை. ஒரு முகத்துக்கு 6.3 கோடிக்கும் மேல். மாடல் நல்ல துண்டுகளில் 99.99 சதவீதத்தைச் சரியாக விட்டுவிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆய்வுக் கட்டுரையில் இது பிரமாதமான எண். லைனில் இதன் பொருள் ரோலுக்கு 6,300 பொய் அலாரம். அலாரத்தை 60, 70 என்று இறக்க வேண்டுமானால் பத்து லட்சத்துக்கு ஒரு தவறு என்ற அளவுக்குப் போக வேண்டும்.

எனவே எல்லாத் துண்டையும் மாடலிடம் கொடுக்காதீர்கள். இருக்கும் சாம்பல் எல்லை முறையைத் தூக்கி எறியாமல், எல்லையை இன்னும் தளர்த்தி, சந்தேகத்துக்குரியவற்றைப் பொறுக்கும் முதல் சல்லடையாக வையுங்கள். எல்லையை நிலையான எண்ணாக வைக்காமல், சுற்றியுள்ள ஒரு மீட்டரின் சராசரியிலிருந்து எவ்வளவு விலகல் என்று கணக்கிட்டால் சாயல் மாற்றத்தால் வரும் சிவப்பில் பெரும்பகுதி அங்கேயே போய்விடும். பொறுக்கிய துண்டுகளை மட்டும் சிறிய வகைப்படுத்தும் வலை ஒன்று பார்த்தால் போதும். யோலோவா யூநெட்டா என்ற கேள்வி இந்த அமைப்பில் பெரிதாக எழாது. குறையின் பரப்பளவை அளந்து தரம் பிரிக்க வேண்டிய இடத்தில் மட்டும் யூநெட் தேவைப்படும்.

#4 ஸ்லாட்டை_650

இது உதவியாக இருக்கிறது. இப்போது ஒரே ஒரு லைட்தான், ஏறக்குறைய நேர் கோணம். கட்டிகள் ஏன் காலெண்டரில் போய்த்தான் தெரிகின்றன என்பது புரிகிறது. உலோகத் துகளையும் இந்தக் கேமராவில் பிடிக்க முடியுமா? மேலிடம் கேட்பது முக்கியமாக அதைத்தான்.

#5 ஒளிக்கோணம்

முடியாது. ஒரு குறையை நம்பிப் பிடிக்கணும்னா குறைஞ்சது 3, 4 பிக்சல் வேணும். உங்க அமைப்புல அது 150–200 மைக்ரான். ஆபத்தான துகள் 20, 30 மைக்ரான்லயே இருக்கும். அதுவும் கோட்டிங்குக்குள்ள புதைஞ்சு கிடக்கும்.

#6 கே_மதிப்பு

உலோகத் துகளுக்கு வேறு வழிதான். இரும்பு, செம்பு, துத்தநாகத் துகள் கேத்தோடில் இருந்தால் சார்ஜ் ஏறும்போது அங்குள்ள மின்னழுத்தத்தில் கரைந்து, எலக்ட்ரோலைட் வழியாகப் போய் அனோடில் மீண்டும் உலோகமாகப் படியும். ஊசிபோல் வளர்ந்து, இரண்டுக்கும் நடுவே இருக்கும் செபரேட்டரைத் துளைக்கும். 2006இல் டெல் லேப்டாப்புகளின் 41 லட்சம் பேட்டரிகள் திரும்பப் பெறப்பட்டபோது சோனி சொன்ன காரணம் செல்லுக்குள் புகுந்த நுண்ணிய உலோகத் துகள்கள்தான்.

தடுப்பு மூலப்பொருளிலேயே தொடங்க வேண்டும்: பவுடர் குழாயிலும் ஸ்லரி (பூசும் கலவை) குழாயிலும் 10,000 காஸுக்கு மேற்பட்ட காந்தத் தண்டுகள், டைக்கு முன் ஃபில்டர், காந்தத்தில் ஒட்டியதை எடுத்து, எந்த உலோகம் எவ்வளவு என்று சொல்லும் ஐசிபி சோதனை. இவையெல்லாம் தாண்டிப் போனதைப் பிடிக்கும் கடைசி வலை ஏஜிங், அதாவது செல்லைச் சில நாள் அப்படியே வைத்திருப்பது. ஃபார்மேஷன் (செல்லின் முதல் சார்ஜ், டிஸ்சார்ஜ்) முடிந்து செல்லின் திறந்த சுற்று மின்னழுத்தத்தை இருமுறை அளந்து, மணிக்கு எவ்வளவு இறங்குகிறது என்று பார்ப்பது. அதுதான் கே மதிப்பு. 72 மணியில் 2 மில்லிவோல்ட் இறங்கினால் மணிக்கு 0.028 மில்லிவோல்ட். இவ்வளவு சிறிய எண்ணில் 0.1 மில்லிவோல்ட் அளவீட்டுப் பிழையே தீர்ப்பை மாற்றிவிடும். வெப்பநிலை ஒரு டிகிரி நகர்ந்தாலும் அந்த அளவு ஆட்டம் வரும். டிரேயின் ஓரத்துச் செல்லும் நடுச் செல்லும் ஒரே வெப்பத்தில் இருப்பதில்லை.

இங்கே ஒரு மாடலுக்கு உண்மையிலேயே வேலை இருக்கிறது. பெரிய வலை எதுவும் வேண்டாம். வெப்பநிலை, டிரேயில் இடம், ஃபார்மேஷன் முடிந்த நேரம், ஸ்லரி பேட்ச் இவற்றை வைத்து அந்தச் செல்லின் எதிர்பார்க்கும் இறக்கத்தைக் கணித்து, உண்மை இறக்கம் அதிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று பார்க்கலாம். எல்லையைப் பேட்சின் மீடியனிலிருந்து எடுங்கள். சராசரியிலிருந்து எடுத்தால் கெட்ட செல்களே எல்லையை இழுத்துக்கொண்டு போய்விடும்.

எச்சரிக்கை ஒன்று. சேனல் எண்ணை மாடலுக்குக் கொடுத்தால், முனை தேய்ந்து தொடர்பு எதிர்ப்பு கூடிய சேனலை அது கற்றுக்கொள்ளும். அந்தச் சேனலில் வரும் செல்லையெல்லாம் கெட்டது என்று சொல்லும். சோதனையில் மதிப்பெண்ணும் உயரும். சேனலைப் பழுது பார்த்த மறுநாள் எல்லாம் தலைகீழ்.

#7 பேட்ச்கோர்_பக்கம்

கோட்டிங் விஷயத்துக்கு வருவோம். லேபிள் ஒட்டுவதே வேண்டாம் என்பது என் கட்சி. குறையுள்ள படம் கிடைப்பதே அரிது. நல்ல படம் மலைபோல் கிடக்கிறது. பேட்ச்கோர் போன்ற முறை நல்ல படங்களின் அம்சங்களை மட்டும் நினைவில் வைத்து, அதிலிருந்து தூரமாக இருப்பதைக் குறை என்கிறது. 2019இல் வந்த, தொழிற்சாலைக் குறைகளுக்கான எம்விடெக் படத் தொகுப்பில் இந்த முறைகள் 99 சதவீதத்தைத் தாண்டிவிட்டன. புதுவகைக் குறை வந்தாலும் பிடிக்கும். வகைப்படுத்தும் வலை தனக்குத் தெரியாத குறையைப் பார்த்தால் தெரிந்த பெட்டி ஒன்றில் போட்டுவிடும், அதுவும் முழு நம்பிக்கையோடு.

#8 புள்ளியியல்_பித்தன்

அந்தத் தொகுப்பை வைத்து லைனை எடைபோடாதீர்கள். 15 வகைப் பொருட்கள், பயிற்சிக்கு 3,629 நல்ல படங்கள், சோதனைக்கு 1,725. சோதனைப் படங்களில் பாதிக்கு மேல் குறையுள்ளவை. லைனில் லட்சத்துக்கு ஒன்றோ இரண்டோ. அங்கே 99 என்பது இங்கே என்ன ஆகும் என்று மேலே கணக்குப் போட்டாயிற்று.

இன்னொரு சிக்கல் நகர்வு. கார்பன் அளவு, டிரையர் வெப்பம், ஸ்லரியின் பாகுநிலை, இவற்றில் எது மாறினாலும் நல்ல கோட்டிங்கின் தோற்றம் மாறும். நல்லதை மட்டும் நினைவில் வைத்த மாடலுக்கு அது முழுவதும் அந்நியமாகத் தெரியும். #1இல் சொன்ன அதே நோய் விலை கூடிய மருந்தோடு திரும்பி வரும்.

#9 பேட்ச்கோர்_பக்கம்

நகர்வு பற்றிச் சொன்னது சரி. அதனால்தான் அதைத் தீர்ப்பு சொல்ல விடாமல் காவலுக்கு மட்டும் வைக்கச் சொல்கிறேன். வகைப்படுத்தும் வலை 'சரி' என்று விட்டதில், விலகல் மதிப்பெண் அதிகமான முதல் 50 துண்டுகளை ரோல் முடிவில் ஒருவர் பார்க்கட்டும். அலாரம் அடிக்க வேண்டாம், லைன் நிற்க வேண்டாம். புதுக் குறை அந்த 50க்குள் தலைகாட்டும். அடுத்த சுற்றுப் பயிற்சிக்கு லேபிளும் கிடைக்கும்.

#10 புள்ளியியல்_பித்தன்

அப்படியானால் எனக்கு ஆட்சேபணை இல்லை.

#11 ரோல்மேப்

யாரும் கேட்காத கேள்வி: குறையைக் கண்டுபிடித்த பிறகு அதை எங்கே போய் வெட்டி எறிவீர்கள்?

கோட்டரில் 1,200ஆவது மீட்டரில் பின்ஹோல் என்று கோப்பில் பதிவாகிறது. ரோலைச் சுற்றி எடுத்துப் போய் அடுத்த இயந்திரத்தில் பிரித்தால் கடைசி மீட்டர்தான் முதலில் வரும், ஆயத்தொலைவு தலைகீழ். முகம் மாறினால் இடமும் வலமும் மாறும். காலெண்டரில் அழுத்தும்போது நீளமும் கொஞ்சம் கூடும். அரை சதவீதம் நீண்டாலே 1,000 மீட்டருக்கு 5 மீட்டர் தள்ளிப் போகும். ஸ்லிட்டிங்கில் ரோல் நான்காகப் பிரியும். ஸ்ப்ளைஸ் போட்டு இரு ஃபாயில்களை ஒட்டும் இடத்தில் சில மீட்டர் வெட்டி எறிவார்கள், அதைக் கோப்பில் யாரும் கழிப்பதில்லை.

கோட்டிங் படாத ஓரத்தில் மீட்டருக்கு ஒரு குறியீடு இன்க்ஜெட்டிலோ லேசரிலோ அடியுங்கள். ஒவ்வொரு ஸ்லிட் துண்டிலும் அந்த ஓரத்தில் கொஞ்சமாவது இருக்கும்படி இடத்தைத் தேர்வு செய்யுங்கள். ஷீட்டாக வெட்டும் நாட்சிங் இயந்திரம் குறியீட்டைப் படித்து, வரைபடத்தைப் பார்த்து, அந்த ஷீட்டை மட்டும் தள்ள வேண்டும். இது இல்லாவிட்டால் கேமராவும் மாடலும் சேர்ந்து அழகான அறிக்கை தரும், குறை செல்லுக்குள் போய்விடும்.

வரைபடம் இருந்தால் பாதிக் குறைகளுக்கு மாடலே வேண்டாம். ஒரே குறுக்கு இடத்தில் நீளவாக்கில் கோடு வந்தால் டையின் உதட்டில் கட்டி சிக்கியிருக்கிறது, மெல்லிய பிளாஸ்டிக் தகட்டால் துடைத்து எடுக்க வேண்டும் (எஃகுத் தகடு உதட்டையே கெடுத்துவிடும்). 314 மி.மீ.க்கு ஒரு முறை ஒரே புள்ளி திரும்ப வந்தால் 100 மி.மீ. விட்டமுள்ள ரோலர் எதுவோ அழுக்காகியிருக்கிறது. அகலம் முழுக்கச் சிதறிய சிறு ஓட்டைகள் என்றால் ஸ்லரியில் காற்று, வெற்றிடத்தில் போதிய நேரம் வைக்கவில்லை. குறையின் படத்தைவிடக் குறை இருக்கும் இடம்தான் காரணத்தை வேகமாகச் சொல்கிறது.

#12 ஸ்லாட்டை_650

ஓரத்தில் குறியீடு இப்போது இல்லை. அதற்குத் தனியாகப் பட்ஜெட் கேட்க வேண்டும். படங்களின் எண்ணிக்கை பற்றி யாராவது சொல்லுங்கள்.

#13 புள்ளியியல்_பித்தன்

பயிற்சிக்கு எத்தனை என்பதைவிடச் சோதனைக்கு எத்தனை என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். குறையுள்ள 300 துண்டுகளைக் காட்டி ஒன்றைக்கூட மாடல் தவறவிடவில்லை என்றால், தவறவிடும் விகிதம் 1 சதவீதத்துக்குக் கீழ் என்று 95 சதவீத நம்பிக்கையோடு சொல்லலாம். 0.1 சதவீதம் என்று சொல்ல 3,000 வேண்டும். 40 பின்ஹோலைக் காட்டி 100 சதவீதம் என்று வரும் விற்பனையாளரிடம் இதைக் கேளுங்கள். இது வகைக்கு ஒரு முறை செய்ய வேண்டியது. பின்ஹோலுக்கு 300 பார்த்ததால் கட்டிக்குச் சான்று ஆகாது.

பயிற்சிப் படங்களையும் சோதனைப் படங்களையும் ரோல் வாரியாகப் பிரியுங்கள். முடிந்தால் ஸ்லரி பேட்ச் வாரியாக. எல்லாவற்றையும் கலைத்துப் பிரித்தால் ஒரே கோடின் ஒரு துண்டு பயிற்சியிலும் அடுத்த துண்டு சோதனையிலும் விழும். தேர்வுக்கு முன்னாலேயே வினாத்தாளைக் கொடுத்தது போல. அதைவிடக் கடுமையான சோதனை, தேதி வாரியாகப் பிரிப்பது: பழைய ரோலில் கற்று, புதிய ரோலில் தேர்வு.

லேபிள் வகைகளைக் குறையுங்கள். குறைப் பட்டியலில் 14 பெயர் இருக்கும். ஆபரேட்டர் எடுக்கும் முடிவு மூன்றோ நான்கோதான்: விடு, ஷீட்டைத் தள்ளு, லைனை நிறுத்து, மறுபடி பார். இருவரிடம் அதே 500 படங்களைத் தனித்தனியாகக் கொடுத்து எத்தனையில் ஒத்துப்போகிறார்கள் என்று பாருங்கள். அவர்களே 85 சதவீதம்தான் ஒத்துப்போகிறார்கள் என்றால் மாடலிடம் 98 கேட்பதில் நியாயமில்லை. முதலில் எல்லை மாதிரிகளை (எதுவரை நல்லது என்று காட்டும் படங்கள்) அச்சிட்டு மேசையில் ஒட்டுங்கள்.

#14 எக்ஸ்ரே_மூலை

கோட்டிங்கிலேயே நிற்கிறீர்கள். பெரிய சம்பவங்களைப் பார்த்தால் குறை அசெம்பிளியில்தான் இருந்தது. கேலக்ஸி நோட் 7க்கு 2017 ஜனவரியில் சொல்லப்பட்ட காரணங்கள்: ஒரு சப்ளையரின் செல்லில் மேல் மூலையில் அனோடு வளைந்திருந்தது, இன்னொருவரின் செல்லில் வெல்டிங் பிசிறு, சிலவற்றில் இன்சுலேஷன் டேப்பே இல்லை. செவ்ரோலே போல்ட் கார்கள் 2021இல் திரும்பப் பெறப்பட்டபோது சொல்லப்பட்டது, கிழிந்த அனோடு இணைப்பு முனையும் (tab) மடிந்த செபரேட்டரும் ஒரே செல்லில் சேர்ந்திருந்தன என்று. இவற்றில் ஒன்றையும் கோட்டர் கேமரா பார்த்திருக்காது.

ஷீட்டுகளை அடுக்கும் ஸ்டாக்கிங் முடிந்ததும் எக்ஸ்ரேயில் அனோடு ஓவர்ஹாங்கைப் பார்க்க வேண்டும். அனோடு கேத்தோடைவிட ஒவ்வொரு பக்கமும் ஒன்றிரண்டு மி.மீ. நீண்டிருக்க வேண்டும். எந்த அடுக்கிலாவது அது பூஜ்ஜியத்துக்குப் போனால் கேத்தோடு ஓரத்துக்கு எதிரே லித்தியத்தை வாங்கிக்கொள்ள ஆளில்லை, உலோகமாகப் படியும். சிக்கல், கிராஃபைட் எக்ஸ்ரேயில் ஏறக்குறையத் தெரியாது. நிக்கல் உள்ள கேத்தோடு பளிச்சென்று தெரியும். அனோடு ஓரத்தைச் செம்பு ஃபாயிலை வைத்துத்தான் ஊகிக்க வேண்டும், அதுவும் இரைச்சலான படத்தில், ஒரு செல்லுக்குக் கிடைக்கும் ஒன்றிரண்டு விநாடிக்குள். யூநெட்டுக்கு உண்மையான இடம் இதுதான்: ஒவ்வொரு அடுக்கின் நுனியையும் குறித்து மி.மீ.யில் அளவு சொல்ல வேண்டும். நல்லது, கெட்டது என்று மட்டும் சொல்லும் மாடலை இங்கே வாங்காதீர்கள். அளவு கிடைத்தால்தான் ஸ்டாக்கர் கை மெல்ல விலகுவதை ஷீட் தள்ளப்படுவதற்கு முன்பே பார்க்கலாம்.

வளைந்த மூலை இதிலும் சில கோணங்களில் மறைந்துவிடும். முழு சிடி ஸ்கேன் எடுக்கப் பல நிமிடம் ஆகும், அதனால் மாதிரிக்கு மட்டும்.

#15 ஹார்ன்_தேய்மானம்

வெல்டிங் பற்றி ஒரு வரி. பல அடுக்கு ஃபாயிலை இணைப்பு முனையோடு (tab) சேர்க்கும் அல்ட்ராசோனிக் வெல்டிங்கில் ஒவ்வொரு அடிக்கும் பவர், நேரம், ஹார்ன் (அதிர்ந்து அழுத்தும் முனை) இறங்கிய உயரம் மூன்றும் வளைவுகளாகக் கிடைக்கும். இதற்கு ஆழ் வலை தேவையில்லை. உச்ச பவர், மொத்த ஆற்றல், இறக்கத்தின் வேகம் என்று பத்துப் பதினைந்து எண் எடுத்து மர வகை மாடல் போட்டாலே போதும். லேபிள்தான் பஞ்சம், ஏனென்றால் பீல் டெஸ்ட் (வெல்டை உரித்துப் பார்ப்பது) செய்தால் செல் போய்விடும். ஃபாயிலில் எண்ணெய் தடவி, ஒரு அடுக்கு குறைத்து, ஹார்னை நகர்த்தி வேண்டுமென்றே கெட்ட வெல்ட் உருவாக்குவார்கள். இயற்கையாக வரும் கெட்ட வெல்ட் பெரும்பாலும் அப்படி இருக்காது. ஹார்ன் பல் மெல்லத் தேய்ந்து வரும் நகர்வுதான். ஹார்ன் மாற்றிய பிறகு அடித்த அடிகளின் எண்ணிக்கையை ஓர் அம்சமாகக் கட்டாயம் சேருங்கள்.

#16 ஸ்லாட்டை_650

ஃபார்மேஷன் வளைவிலிருந்தே செல் எத்தனை சுழற்சி தாங்கும் என்று சொல்லிவிடலாம், கோட்டிங் குறையையும் அதிலேயே பிடிக்கலாம் என்று ஒருவர் சொல்கிறார். 2019 ஆய்வைக் காட்டுகிறார்.

#17 கே_மதிப்பு

அந்த ஆய்வு நல்ல ஆய்வு. ஆனால் அது எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) செல்கள், 124, வேகச் சார்ஜிங், முதல் 100 சுழற்சிகளின் தரவு. 10ஆவது சுழற்சிக்கும் 100ஆவது சுழற்சிக்கும் இடையில் மின்கொள்ளளவு வளைவு எப்படி நகர்ந்தது என்பதே அதன் உயிர். தொழிற்சாலையில் ஃபார்மேஷன் ஒன்றிரண்டு சுழற்சிதான். உங்களுடையது என்எம்சி. அந்த மாடலை அப்படியே தூக்கி வைக்க முடியாது. மேலும் 200 மைக்ரான் பின்ஹோல் ஒன்று மொத்த மின்கொள்ளளவில் இம்மியும் தெரியாது.

தலைகீழாகச் செய்யலாம். கே மதிப்பில் விழுந்த செல்லின் ஷீட்டுகளை #11இல் சொன்ன குறியீடு வழியாகக் கோட்டர் படத்தோடு இணையுங்கள். எந்தக் குறை செல்லை உண்மையில் கெடுக்கிறது, எது வெறும் அழகுப் பிரச்சினை என்பது அப்போதுதான் தெரியும். இப்போது வைத்திருக்கும் தள்ளும் எல்லைகளில் பல, வாடிக்கையாளர் கேட்டார் என்பதற்காக வைத்தவையாகத்தான் இருக்கும்.

#18 ஒளிக்கோணம்

காலெண்டர் கேள்விக்குப் பதில் இன்னும் வரல. நகர்த்தாதீங்க, ரெண்டாவது கேமரா போடுங்க. டிரையர் வாசல்ல பார்த்தா முழு ரோலும் வீணாகுறதுக்குள்ள டையைத் துடைக்கலாம். காலெண்டருக்குப் பிறகு பார்த்தா முழு ரோலும் ஓடி முடிஞ்சிருக்கும். ஆனா அழுத்தும்போது வர்ற விரிசல், கோட்டிங் ஓரச் சுருக்கம் அங்கதான் தெரியும். அழுத்தின பிறகு மேற்பரப்பு மினுங்கும், அதனால டிரையர் கேமராவுக்குப் பயிற்சி கொடுத்த மாடல் அங்க செல்லாது, தனியா கத்துக்கொடுக்கணும்.

ஓரம் தடிச்சுப் போறதை ரெண்டு கேமராவுமே பார்க்காது. அதுக்கு லேசர் தடிமன் அளவி வேணும்.

மாடலை ஏத்தினதும் தீர்ப்பை அதுகிட்டக் கொடுக்காதீங்க. பழைய முறை ஓடட்டும், புதுசு பக்கத்துல எழுதிக்கிட்டே வரட்டும், ரெண்டும் வேறுபடுற இடத்தை மட்டும் ஆள் பார்க்கட்டும். ஷிஃப்ட் தொடக்கத்துல தெரிஞ்ச குறைகள் ஒட்டின ஒரு சோதனைத் துண்டை கேமராவுக்குக் கீழ ஓட்டுங்க. எல்லாத்தையும் பிடிக்கலைன்னா மாடலைச் சந்தேகப்படுறதுக்கு முன்ன கண்ணாடியைத் துடைங்க, லைட் மங்கிடுச்சான்னு பாருங்க.

#19 ஸ்லாட்டை_650

சாய்வு லைட், ஓரக் குறியீடு, எல்லை மாதிரிகள், பிறகு மாடல் என்ற வரிசையில் எழுதிக் கொடுக்கப் போகிறேன். கடைசிக் கேள்வி: கேமராவுக்குப் பக்கத்தில் எவ்வளவு பெரிய ஜிபியு வேண்டும்? மில்லிவிநாடிக்குள் பதில் வரணும் என்கிறார் விற்பனையாளர்.

#20 ரோல்மேப்

தேவையில்லை. குறை அடையாளம் போடும் தலை கேமராவிலிருந்து எத்தனை மீட்டர் தள்ளி இருக்கிறதோ அதுதான் உங்கள் கால அவகாசம். 3 மீட்டர் என்றால் உங்கள் வேகத்தில் 4.5 விநாடி. முதல் சல்லடைக்குப் பிறகு விநாடிக்குச் சில நூறு துண்டுகள்தான் மிஞ்சும், நடுத்தர அட்டை ஒன்று தொகுப்பாகப் போட்டாலே முடித்துவிடும். அடையாளம் போடும் வரிசையை மட்டும் விநாடியில் எண்ணாமல் என்கோடர் துடிப்பில் எண்ணுங்கள். ஸ்ப்ளைஸ் வரும்போது லைன் மெதுவாகும். விநாடிக் கணக்கில் வைத்திருந்தால் குறி குறையின் மேல் விழாமல் நல்ல இடத்தில் விழும்.